காடசில் நோயில் சிறுநீரகப் பயாப்சி: நுண்தமனிச் சுவரைப் படிப்படியாக வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காடசில் என்ற பரம்பரைச் சிறுதமனி நோயின் பெயர் காதில் விழுந்ததும் மருத்துவர்களுக்கு நினைவு வருவது மூளைதான். இளமையிலோ நடுவயதின் தொடக்கத்திலோ தலைகாட்டும் ஒற்றைத் தலைவலி, ஐம்பதை ஒட்டி வரும் பக்கவாதம், மெல்ல மெல்ல மந்தமாகும் சிந்தனை, எம்.ஆர்.ஐ. படத்தில் வெளுத்துத் தெரியும் மூளையின் உட்பகுதிகள் என்று அந்நோயின் முகம் முழுவதும் நரம்பியல் சார்ந்ததாகவே நமக்குப் பழக்கமாகியிருக்கிறது. ஆனால் முதலில் பழுதாவது மூளைத் திசு அல்ல. அதற்கு இரத்தம் கொண்டு செல்லும் சிறு தமனிகளின் சுவர். அதே மரபணுப் பிழையைச் சுமந்த அதே வகைச் சுவர் தோலிலும் தசையிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. சிறுநீரில் புரதம் போவதற்காகவோ இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு கூடியதற்காகவோ எடுக்கப்படும் சிறுநீரகப் பயாப்சியில் இந்நோயின் தடயம் கிடைப்பது அதனால்தான். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாவிட்டால், அந்தத் தடயம் கண்ணெதிரே இருந்தும் தப்பிவிடும்.

சிறுநீரக மருத்துவமும் நோயியலும் பயில்வோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டாலும், கையில் ஒரு பயாப்சி அறிக்கையோடு அதன் சொற்களைப் புரிந்துகொள்ள முயலும் குடும்பத்தாரும் பின்தொடரக்கூடிய வகையிலேயே ஒவ்வொரு படியும் விளக்கப்பட்டிருக்கிறது. எந்தச் சிகிச்சை முடிவும் நோயாளியை நேரில் காணும் மருத்துவரிடமே இருக்க வேண்டும்.

சுவருக்குள் நடப்பது என்ன

1993-இல் இப்பெயர் வழக்குக்கு வந்தது. 1996-இல் இதற்குக் காரணமான நாட்ச்3 மரபணு அடையாளம் காணப்பட்டது. 19-ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு, தமனிகளின் மென்தசைச் செல்களும் நுண்குழாய்களைச் சுற்றியிருக்கும் பெரிசைட்டுகளும் தம் மேற்பரப்பில் தாங்கும் ஓர் ஏற்பியை உருவாக்குகிறது. 2,321 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தின் செல்லுக்கு வெளியே நீளும் பகுதியில், ஒன்றன்பின் ஒன்றாக 34 சிறு மடிப்புகள் உள்ளன. ஒவ்வொரு மடிப்பிலும் ஆறு சிஸ்டீன்கள் இருந்து, இரண்டிரண்டாகப் பிணைந்து மூன்று பாலங்களை அமைக்கின்றன. காடசிலை உண்டாக்கும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு சிஸ்டீனைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடுவதால் ஒரு சிஸ்டீன் இணையில்லாமல் தனித்து நிற்கிறது. தனித்து நிற்பது அக்கம்பக்கத்துப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரளத் தொடங்குகிறது.

அவ்வாறு திரளும் நாட்ச்3 வெளிப்பகுதியும், அதனோடு சிக்கிக்கொள்ளும் டிம்ப்3, விட்ரோநெக்டின் போன்ற புரதங்களும் மென்தசைச் செல்லை ஒட்டிய அடித்தளச் சவ்வில் படிகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காகத் திசுவைப் பதப்படுத்தும்போது சேர்க்கப்படும் ஆஸ்மியத்தை அந்தப் படிவு வலுவாக ஏற்பதால் படத்தில் கருமையாகத் தெரிகிறது. ஆஸ்மியம் ஏற்கும் துகள்படிவு என்று அதற்குப் பெயர், அறிக்கைகளில் ஜி.ஓ.எம். என்ற சுருக்கமே பெரும்பாலும் காணப்படும். இக்கட்டுரையில் துகள்படிவு என்றே குறிப்பிடப்படுகிறது. இந்த நோயின் பயாப்சியில் நாம் தேடுவது முதன்மையாக இதைத்தான்.

முதற்படி: பயாப்சி தேவையா என்று தீர்மானித்தல்

காடசிலை உறுதிப்படுத்துவதற்காக மட்டும் சிறுநீரகத்தில் ஊசி செலுத்த வேண்டியதில்லை. குடும்ப வரலாறும் எம்.ஆர்.ஐ. தோற்றமும் ஐயத்தை எழுப்பினால், குறிப்பாக மூளையின் பொட்டு மடல் முன்முனையிலும், வெளிக்கூடு எனப்படும் உட்பகுதியிலும், நரம்பிழைகள் செல்லும் வெண்பொருளில் மாற்றம் தெரிந்தால், அடுத்து செய்ய வேண்டியது மரபணுப் பரிசோதனை. அதன் விடை தெளிவில்லாதபோது தோல் பயாப்சி துணைக்கு வரும். தோலில் துகள்படிவைக் கண்டால் நோய் ஏறத்தாழ உறுதி. காணாவிட்டால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏனெனில் தோல் பயாப்சி நோயைப் பிடிக்கும் திறன் சில ஆய்வுகளில் பாதிக்கும் குறைவாகவும், வேறு சிலவற்றில் 95 விழுக்காட்டுக்கு மேலாகவும் பதிவாகியிருக்கிறது. அந்த இடைவெளிக்குப் பெருங்காரணம் எத்தனை தமனிகள், எவ்வளவு பொறுமையாகத் தேடப்பட்டன என்பதே என்று கருதுகிறேன்.

ஆகவே சிறுநீரகப் பயாப்சிக்குச் சிறுநீரகமே காரணமாக இருக்க வேண்டும்: தொடர்ந்து போகும் புரதம், விளக்கம் கிடைக்காத இரத்தச் சிறுநீர், எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறையும் வடிகட்டும் திறன். இங்கே இரு வகை நோயாளிகள் வருவார்கள். ஒருவருக்குக் காடசில் இருப்பது ஏற்கெனவே தெரியும். சிறுநீரகக் கோளாறு அதனால்தானா, வேறொன்றா என்பது கேள்வி. மற்றவருக்கு யாரும் அந்தப் பெயரையே உச்சரித்திருக்க மாட்டார்கள். இரத்த அழுத்தத்தால் வந்த சிறுநீரகப் பாதிப்பு என்ற முன்முடிவோடு திசு ஆய்வகத்துக்கு வந்து சேரும். இரண்டாமவரிடமே தவறு நேர வாய்ப்பு அதிகம். பயாப்சிக் கோரிக்கைத் தாளில் ஒற்றைத் தலைவலி, பக்கவாதம், மறதி நோய் ஆகியவை குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தனவா என்று ஒரு வரி சேர்த்தால், நோயியல் மருத்துவரின் கண் வேறு இடத்துக்குத் திரும்பும்.

இரண்டாம் படி: ஊசிக்கு முன்னும் பின்னும்

அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலுடன் 16 அல்லது 18 கேஜ் ஊசியால் திசு எடுக்கும் வழக்கமான முறையே இங்கும் பின்பற்றப்படுகிறது. எனினும் இரண்டு இடங்களில் இந்நோயாளிகள் மற்றவர்களிலிருந்து வேறுபடுகிறார்கள்.

முதலாவது, இவர்களில் பலர் பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பிரின் போன்ற தட்டணு எதிர்ப்பு மருந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். நிறுத்தினால் மூளைக்கு அபாயம், நிறுத்தாவிட்டால் சிறுநீரகத்தில் இரத்தக் கசிவு என்ற இருபக்கச் சிக்கல் இது. காடசிலில் மூளையில் நுண்கசிவுகளும் காணப்படுவதால் கணக்கு மேலும் குழம்புகிறது. சிறுநீரக மருத்துவர் தனியாக எடுக்கக்கூடிய முடிவல்ல இது. நரம்பியல் மருத்துவரோடு பேசி, எத்தனை நாள் நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இரத்த அழுத்தம். பயாப்சிக்கு முன் அழுத்தம் 140/90-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது பொதுவான நடைமுறை. ஆனால் காடசிலில் மூளையின் நுண்தமனிகள் விரிந்து சுருங்கும் ஆற்றலை இழந்திருப்பதால், அழுத்தத்தைச் சடாரெனத் தாழ்த்துவது மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடக்கூடும். பயாப்சி நாளன்று காலையில் அவசர அவசரமாக மருந்து கொடுத்து இறக்குவதைவிட, சில வாரங்களுக்கு முன்பிருந்தே படிப்படியாகக் கட்டுப்படுத்துவதே முறை. பயாப்சிக்குப் பிந்தைய 24 மணி நேரக் கண்காணிப்பிலும் அழுத்தம் அதிகம் ஏறாமலும் அதிகம் இறங்காமலும் இருக்கிறதா என்று இரு திசையிலும் பார்க்க வேண்டும். நீர்ச்சத்துக் குறைவும் தவிர்க்கப்பட வேண்டியதே.

மூன்றாம் படி: திசுவைப் பிரித்தல்

பெரும்பாலான தவறுகள் நுண்ணோக்கியின் முன் நடப்பதில்லை. திசுவைக் குப்பியில் போடும் அந்த ஒரு நிமிடத்தில் நடந்துவிடுகின்றன. கிடைக்கும் திசு மூன்றாகப் பிரிக்கப்பட வேண்டும். ஒளி நுண்ணோக்கிக்காக ஃபார்மலினில் ஒரு பகுதி, எதிர்ப்பொருள்களை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளூரசன்ஸுக்காக உறைய வைத்தோ மைக்கேல் கரைசலிலோ ஒரு பகுதி, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக குளுட்டரால்டிஹைடில் ஒரு பகுதி. செலவும் நேரமும் கருதி மூன்றாவது பகுதியை விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வேறு சில நோய்களில் அந்தக் குறையைச் சமாளிக்கலாம். இந்நோயிலோ உறுதியான விடை அந்த மூன்றாம் குப்பியில்தான் இருக்கிறது.

அங்கும் ஒரு பழக்கம் குறுக்கே வரும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் திசுவைத் தயார் செய்யும் தொழில்நுட்பர், குளோமெருலஸ் எனப்படும் வடிமுடிச்சு உள்ள துண்டைத் தேர்ந்தெடுக்கவே பயிற்சி பெற்றவர். சிறுநீரக நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அது சரி. காடசிலில் நாம் கேட்பது தமனியை. தொலுயிடின் நீலம் ஏற்றிய அரை முதல் ஒரு மைக்ரான் தடிமனுள்ள சீவல்களை முதலில் பார்த்து, வடிமுடிச்சின் வாயிலில் நுழையும் நுண்தமனியோ அதைவிடச் சற்றுப் பெரிய இடைமடல் தமனியோ எந்தத் துண்டில் உள்ளது என்று குறித்துக்கொடுத்த பிறகே மெல்லிய வெட்டுக்குப் போக வேண்டும். ஐயம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே ஆய்வகத்துக்குத் தெரிவித்தால் இது எளிது.

குளுட்டரால்டிஹைடில் எதுவும் வைக்கப்படவில்லை என்றால் கதவு முற்றிலும் மூடிவிடவில்லை. பாரஃபின் கட்டியில் மீந்திருக்கும் திசுவை மீட்டெடுத்து மறுபதப்படுத்திப் பார்க்க இயலும். சவ்வுகளின் கூர்மை குலைந்திருக்கும். செல்களின் உள்ளமைப்பு சிதைந்திருக்கும். அடர்ந்த படிவுகளை அடையாளம் காண அது பல சமயங்களில் போதுமானதாக இருந்தாலும், எதிர்மறை விடையை நம்ப முடியாது.

நான்காம் படி: ஒளி நுண்ணோக்கி

இரண்டு அல்லது மூன்று மைக்ரான் தடிமனில் வெட்டிய சீவல்கள் ஹெமடாக்சிலின்-இயோசின், பி.ஏ.எஸ்., வெள்ளிச் சாயம், டிரைகுரோம் ஆகியவற்றால் நிறமேற்றப்படுகின்றன. வழக்கம்போல வடிமுடிச்சுகளை எண்ணுவதோடு நிறுத்திவிடாமல், எத்தனை தமனிகள், எத்தனை நுண்தமனிகள் கிடைத்துள்ளன என்பதையும் எண்ணி அறிக்கையில் எழுத வேண்டும். இருபது வடிமுடிச்சுகள் இருந்தும் ஒரு தமனிகூட இல்லாத பயாப்சி, இந்தக் கேள்விக்குப் பற்றாக்குறையான பயாப்சியே.

தமனிச் சுவர் தடித்திருக்கும், உட்குழி குறுகியிருக்கும். நடுப்படலத்தில் மென்தசைச் செல்கள் வரிசை குலைந்து, சில இடங்களில் மறைந்து, அவற்றின் இடத்தை நாரிழைப் பொருள் நிரப்பியிருப்பதை டிரைகுரோம் நீலமாகக் காட்டும். பி.ஏ.எஸ். சாயத்தில் நடுப்படலத்துக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் பொடிப்பொடியான பொருள் தெரியலாம். இது மூளைத் தமனிகளில் நன்றாக விவரிக்கப்பட்ட தோற்றம். சிறுநீரகத்தில் அவ்வளவு தெளிவாக எப்போதும் இருப்பதில்லை. காங்கோ சிவப்புச் சாயத்துக்கு இப்பொருள் இணங்காது என்பதால், அமிலாய்டு இல்லை என்பதை அச்சாயத்தால் உறுதி செய்துகொள்ளலாம்.

வடிமுடிச்சுகளில் காணப்படுவது பெரும்பாலும் பின்விளைவே. இரத்தம் போதாமல் சுருங்கிய சில முடிச்சுகள், முழுவதும் வடுவான சில, பகுதி வடுவுள்ள சில, அவற்றைச் சூழ்ந்து நலிந்த, சிறுநீரைக் கடத்தும் நுண்குழல்களும் இடைத்திசு நாரிழைப்பும் தென்படும். இவற்றில் எதுவுமே காடசிலுக்குத் தனித்துவமானது அல்ல. நெடுங்கால இரத்த அழுத்தமும் முதுமையும் நீரிழிவும் இதே சித்திரத்தை வரையும். பல பயாப்சிகள் தமனிக்கடினம் என்ற ஒற்றைச் சொல்லோடு மூடப்பட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அச்சொல் தவறில்லை, ஆனால் அது ஒரு தோற்றத்தின் பெயரே தவிர நோயின் பெயரல்ல. நோயாளியின் வயதுக்கும் அழுத்தத்துக்கும் பொருந்தாத அளவுக்குத் தமனிச் சுவர் கெட்டிருக்கிறது என்றால், நாற்பது வயதில் மிதமான அழுத்தத்தோடு இருப்பவரின் நுண்தமனிகள் எழுபது வயதினுடையவை போல இருக்கின்றன என்றால், அந்தப் பொருத்தமின்மையையே ஒரு கண்டுபிடிப்பாக அறிக்கையில் பதிய வேண்டும்.

ஐந்தாம் படி: இம்யூனோஃப்ளூரசன்ஸ்

காடசிலின் துகள்படிவு எதிர்ப்பொருள்களால் ஆனது அல்ல என்பதால் இப்படியில் சொல்வதற்கு அதிகமில்லை. தடித்த தமனிச் சுவரிலும் வடுப்பட்ட முடிச்சிலும் ஐ.ஜி.எம்., சி3 ஆகிய நோயெதிர்ப்புப் புரதங்கள் சிக்கி மங்கலாக ஒளிரலாம். அதற்குப் பெரிய பொருள் கொடுக்க வேண்டாம். ஆனால் மெசாஞ்சியத்தில், அதாவது வடிமுடிச்சின் நுண்குழாய்களைத் தாங்கும் இடைப்பகுதியில், ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது தனி நோய். காடசில் உள்ளவருக்கே ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்னும் அந்நோயும் சேர்ந்திருந்த நோயாளிகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறார்கள். நாட்ச்3 வெளிப்பகுதிக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கொண்டு தமனிச் சுவரில் நிறமேற்றும் முறை தோல் பயாப்சிக்காக 2001-இல் அறிமுகமானது. வசதியுள்ள ஆய்வகங்கள் அதைச் சிறுநீரகத் திசுவிலும் முயலலாம். நடுப்படலத்தில் பொடிப்பொடியாக நிறம் ஏறினால் அது வலுவான சான்று.

ஆறாம் படி: எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடல்

இங்கே அவசரம் ஆகாது. முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் நுண்தமனியின் முழு வட்டத்தையும் பார்த்து, உட்குழி, அதை வரிந்திருக்கும் செல்படலமான எண்டோதீலியம், அதன் அடித்தளச் சவ்வு, ஓரிரு வரிசை மென்தசைச் செல்கள், வெளிப்படலம் என்ற அடுக்கை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு உருப்பெருக்கத்தைக் கூட்டி, ஒவ்வொரு மென்தசைச் செல்லின் விளிம்பையும் கரையோரமாக நடப்பதுபோலச் சுற்றி வர வேண்டும். துகள்படிவு இருப்பது அந்தக் கரையில்தான்.

அதை அடையாளம் காட்டுவது இடமும் உருவமும் சேர்ந்தே. செல்லுக்கு வெளியே, மென்தசைச் செல்லின் சவ்வை ஒட்டி, அடித்தளச் சவ்வின் தடித்த பகுதிக்குள் அது அமர்ந்திருக்கும். பல சமயம் செல்லின் மேற்பரப்பு அவ்விடத்தில் உள்வாங்கிச் சிறு குழி போலிருக்கும். படிவு அக்குழியில் உட்கார்ந்திருக்கும். குழியின் ஓரத்துச் செல்சவ்வில் நுண்ணிய கொப்புளங்கள் வரிசையாகத் தெரிவதுண்டு. பெரும்பாலான படிவுகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவுடையவை. கூர்ந்து பார்த்தால் ஒரே கரிய திட்டாக இல்லாமல் நுண்மணிகள் நெருங்கிச் சேர்ந்த திரளாக அது தெரியும். துகள்படிவு என்ற பெயர் வந்ததே அதனால்தான். இரத்தக் குழாய்க்குள் நுழையும் பொருள் சுவரில் ஒட்டுவதுபோல அது எண்டோதீலியத்தை ஒட்டித் தொடங்குவதில்லை. மென்தசைச் செல்லோடுதான் அதன் உறவு.

சிறுநீரகத்தில் அது கிடைக்கும் இடங்கள் இடைமடல் தமனிகள், வடிமுடிச்சுக்குள் நுழையும் நுண்தமனிகள், முடிச்சின் வாயிலில் உள்ள பகுதி ஆகியவை. மெசாஞ்சியச் செல்கள் மென்தசைச் செல்களின் உறவினர் போன்றவை என்பதால் அவற்றை ஒட்டியும் சில நோயாளிகளில் படிவு விவரிக்கப்பட்டிருக்கிறது. முடிச்சின் நுண்குழாய்ச் சுவர், அதாவது வடிகட்டியாகவே செயல்படும் அடித்தளச் சவ்வு, பொதுவாகத் தப்பித்துவிடுகிறது; ஏனெனில் அங்கே மென்தசைச் செல் இல்லை. அச்சவ்வின் தடிமன் பெரியவர்களில் ஏறத்தாழ 300 முதல் 400 நானோமீட்டர். அது இயல்பாக இருக்கிறது என்பதையும் அளந்து எழுதுவது, பின்னால் வரும் வேறு நோய்களை விலக்க உதவும். அச்சவ்வை வெளியிலிருந்து போர்த்தியிருக்கும் போடோசைட்டுகளின் பாத நீட்சிகள் சில இடங்களில் மட்டும் தட்டையாகியிருக்கலாம். அது வடுவின் விளைவு.

ஒரு தமனியில் இல்லை என்றால் அடுத்ததைத் தேட வேண்டும். படிவுகள் சுவர் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு வெட்டில் நான்கைந்து இருக்கும், அடுத்த வெட்டில் ஒன்றும் இருக்காது. எத்தனை தமனிகளில் தேடினோம் என்ற எண்ணைக் குறிப்பிடாமல் படிவு காணப்படவில்லை என்று எழுதும் அறிக்கை, தேடலின் அளவை மறைக்கும் அறிக்கை.

ஏமாற்றும் தோற்றங்கள்

துகள்படிவைத் தவறவிடுவதைப் போலவே, இல்லாததை இருப்பதாகக் கொள்வதும் நடக்கிறது. ஹயலின் எனப்படும் கண்ணாடிப் படிவு எண்டோதீலியத்துக்கு அடியில் பரந்து, மணிமணியாக இல்லாமல் மழமழவென்று ஒரே சீராக இருக்கும். கொழுப்புத் துளிகள் அதில் கருமையாகத் தெரிந்தாலும் அவை மென்தசைச் செல்லின் கரையில் அமைவதில்லை. இரத்த அழுத்தத்தாலும் முதுமையாலும் இறந்த மென்தசைச் செல்களின் சிதைவுகள் அடித்தளச் சவ்வுக்குள் கொப்புளங்களாகவும் சவ்வுத் துணுக்குகளாகவும் சிதறிக் கிடக்கும். அவற்றைச் செல்சவ்வு சூழ்ந்திருக்கும், துகள்படிவைச் சூழ்ந்திருக்காது. முடிச்சின் வாயிலில், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெனினைச் சுரக்கும் செல்களில் கரிய மணிகள் உண்டு. அவை செல்லுக்குள் இருப்பவை. இந்த மூன்றாவதைப் பற்றித் தனியாக எச்சரிக்கக் காரணம், நாம் தேடும் இடமும் ரெனின் செல்கள் இருக்கும் இடமும் ஒன்றே என்பதுதான். செல்லுக்கு உள்ளா வெளியா என்ற கேள்வியை ஒவ்வொரு கரிய புள்ளியிடமும் கேட்க வேண்டும்.

எதிர்ப்பொருள்கள் திரண்ட இம்யூன் படிவுகள் அடர்த்தியிலும் நிறத்திலும் மிகவும் ஒத்தவை. அவற்றின் இருப்பிடமும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் முடிவும் பிரித்துக்காட்டும்.

ஏழாம் படி: ஒத்த பரம்பரை நோய்களை விலக்குதல்

குடும்பத்தில் பக்கவாதம், வெண்பொருள் மாற்றம், சிறுநீரகப் பாதிப்பு என்ற மூன்றும் சேர்ந்தால் அது காடசிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒத்த நோய்களில் முதலில் நினைக்க வேண்டியது ஃபேப்ரி நோய். காரணம் எளியது, அதற்கு மருந்து இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஜி.எல்.ஏ. மரபணுவின் பிழையால் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஏ நொதி குறைந்து, கொழுப்புப் பொருள் செல்களுக்குள் தேங்குகிறது. ஒளி நுண்ணோக்கியில் போடோசைட்டுகள் நுரை பொங்கியவைபோல உப்பியிருக்கும். தொலுயிடின் நீலத்தில் அவற்றுக்குள் கருநீல மணிகள் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த மணிகள் அடுக்கடுக்கான சவ்வுச் சுருள்களாகவும் வரிக்குதிரை உடல்களாகவும் விரியும். பெண்களில் சில செல்கள் நிறைந்தும் அருகிலுள்ளவை வெறுமையாகவும் இருக்கலாம். குளோரோகுயின் வகை மருந்துகளும் அமியோடரோனும் இதே சுருள்களை உண்டாக்கும் என்பதால், மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் ஃபேப்ரி என்று எழுதிவிடக் கூடாது.

ஹனாக் என்று அழைக்கப்படும் நோய் 2007-இல் விவரிக்கப்பட்டது. 13-ஆம் குரோமோசோமில் உள்ள சி.ஓ.எல்.4ஏ1 மரபணுவின் குறிப்பிட்ட பகுதியில் கிளைசின் மாறுவதால் நான்காம் வகைக் கொலாஜன் பலவீனமாகிறது. இரத்தச் சிறுநீர், சிறுநீரக நீர்க்கட்டிகள், தசைப்பிடிப்பு, விழித்திரைத் தமனிகளின் வளைவு நெளிவு, மூளைத் தமனிப் புடைப்பு ஆகியவை இதில் சேர்ந்து வரும். பயாப்சியில் நுண்குழல்கள், வடிமுடிச்சைச் சூழ்ந்த போமன் உறை, இடைத்திசுவின் நுண்குழாய்கள் ஆகியவற்றின் அடித்தளச் சவ்வு ஒழுங்கற்றுத் தடித்து, பிளந்து, இடையிடையே வெளிறியிருக்கும். வடிமுடிச்சின் சவ்வோ இயல்பாக இருக்கும். அது வேறு கொலாஜன் இழைகளால் நெய்யப்பட்டது என்பதே காரணம். காடசிலின் கரிய மணித்திரள் இதில் இராது.

டி.ரெக்ஸ்1 மரபணுவின் வால்பகுதி அறுபடுவதால் வரும் விழித்திரை-மூளை நுண்குழாய் நோயில் கண்பார்வைக் குறைவு முன்னணியில் நிற்கும். சிறுநீரகத்தில் நுண்குழாய்களின் அடித்தளச் சவ்வு வெங்காயச் சருகுபோலப் பல அடுக்குகளாகப் பிரிவதும், முடிச்சில் இரட்டைக் கரைச் சவ்வும் வடுவும் உருவாவதும் இதன் அடையாளங்கள். இங்கே பழுது எண்டோதீலியத்தின் பக்கம். காடசிலில் மென்தசையின் பக்கம்.

இன்னொன்று மைட்டோகாண்டிரியா நோய். தாய்வழி மரபு, காது கேளாமை, நீரிழிவு, இளவயதுப் பக்கவாதம் இருக்கும். நுழையும் நுண்தமனியின் தனித்தனி மென்தசைச் செல்கள் இறந்து அவ்விடத்தில் முத்துப்போன்ற ஹயலின் உருண்டைகள் உருவாகும். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் என்ற நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளின் பாதிப்பிலும் அதே தோற்றம். ஹெச்.டி.ஆர்.ஏ.1 மரபணுவால் வரும் கராசில் மூளையில் காடசிலைப் போலவே தோன்றினாலும் அதில் துகள்படிவு இல்லை.

எட்டாம் படி: கிடைத்ததைக் கொண்டு என்ன சொல்லலாம்

துகள்படிவு உறுதியானால் நோயாளியின் தமனிகளில் காடசில் இருக்கிறது என்று சொல்லலாம். அவருடைய புரதச் சிறுநீருக்குக் காரணம் காடசில்தான் என்று அதனாலேயே சொல்லிவிட முடியாது. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிக்கை எழுதுபவர் மறக்கக் கூடாது. காடசிலில் சிறுநீரகப் பாதிப்பு பொதுவாக மிதமானது. பதிவுகள் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றியவை. ஆகவே நாளுக்கு மூன்று நான்கு கிராம் புரதம் போகும் ஒருவரின் நுண்தமனியில் படிவைக் கண்டதும் தேடலை நிறுத்திவிட்டால், பக்கத்திலேயே இருக்கும் சிகிச்சைக்குரிய ஒரு வடிமுடிச்சு நோய் கைநழுவிப்போகும்.

மறுபக்கம் ஒன்று உண்டு. சிஸ்டீனை மாற்றும் நாட்ச்3 மாற்றங்கள் மக்கள்தொகையில் நாம் முன்பு எண்ணியதைவிட மிகப் பரவலாக, பெரிய மரபணுத் தொகுப்புகளில் சுமார் 300 பேரில் ஒருவரிடம், காணப்படுகின்றன. மருத்துவமனையில் கண்டறியப்படும் நோயோ ஒரு லட்சத்துக்கு ஒரு சிலருக்கே. முதல் ஆறு மடிப்புகளில் நிகழும் மாற்றங்கள் பொதுவாகக் கடுமையாகவும், ஏழாவதிலிருந்து 34 வரை நிகழ்பவை பெரும்பாலும் மென்மையாகவும் இருப்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு விளக்கம். எனவே மரபணு அறிக்கையில் மாற்றம் எந்த மடிப்பில் உள்ளது என்று பார்த்து, பயாப்சியோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

அறிக்கையின் முடிவுரையை மூன்று வரிகளாகப் பிரித்து எழுதுவதை நான் விரும்புகிறேன்: தமனிகளில் கண்டது, வடிமுடிச்சுகளில் கண்டது, இவ்விரண்டுக்கும் தொடர்பு எவ்வளவு உறுதி. உதாரணமாக, ஆறு நுண்தமனிகள் ஆராயப்பட்டதில் மூன்றில் மென்தசைச் செல்களை ஒட்டித் துகள்படிவு காணப்பட்டது, இது காடசிலோடு பொருந்துகிறது; வடிமுடிச்சுகளில் ஐந்தில் ஒரு பங்கு வடுவாகியுள்ளது, இம்யூன் படிவுகள் இல்லை; வடுக்கள் தமனி நோயின் விளைவாக இருக்கக்கூடும், நெடுங்கால இரத்த அழுத்தத்தின் பங்கை விலக்க இயலவில்லை என்று எழுதலாம். நீளமாகத் தோன்றினாலும், படிக்கும் மருத்துவருக்கு எதை எவ்வளவு நம்பலாம் என்று இதில் தெரிகிறது.

அறிக்கைக்குப் பிறகு

காடசிலையே மாற்றும் மருந்து இன்று இல்லை. செய்யக்கூடியவை இரத்த அழுத்தத்தை நிதானமாகக் கட்டுப்படுத்துதல், புகைப்பதை நிறுத்துதல், புரதம் போவதைக் குறைக்கும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் தடுப்பு மருந்துகளைக் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் கவனித்தபடி பயன்படுத்துதல், வலிநிவாரணிகளைக் கண்டபடி எடுக்காதிருத்தல் ஆகியவை. பக்கவாதக் கேள்விகளுக்காகக் குழாய் செலுத்தி எடுக்கும் மூளைத் தமனிப் படம் காடசில் உள்ளவர்களுக்கு நரம்பியல் சிக்கல்களை உண்டாக்கக்கூடியது என்பதால், நோய் உறுதியானதும் அந்தத் தகவல் நோயாளியின் கோப்பில் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பயாப்சியால் புதிதாக வெளிப்பட்ட காடசில், ஒருவரை மட்டும் பற்றிய செய்தி அல்ல. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்போடு இறங்கும் நோய் இது. ஆகவே மரபணு ஆலோசனை கிடைக்கும் முன் உறவினர்களைப் பரிசோதனைக்கு அவசரப்படுத்தக் கூடாது. அறிகுறியில்லாத சிறுவர்களுக்குப் பரிசோதனை செய்யாமல் விடுவதே ஏற்கப்பட்ட நடைமுறை. ஆனால் ஒரு சூழலில் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. நோயாளியின் சிறுநீரகம் முழுவதும் செயலிழந்து, உடன்பிறந்தவரோ பிள்ளையோ தம் சிறுநீரகத்தைத் தர முன்வந்தால், அவரிடமும் அதே மாற்றம் இருக்கிறதா என்பது அறுவைக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். அறிகுறி ஏதுமில்லாத அந்தக் கொடையாளியின் நுண்தமனிகளிலும் துகள்படிவு ஏற்கெனவே தொடங்கியிருக்கக்கூடும்.